பட்டியலும் பகுப்பும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நமக்கு முன் பேசிய பெரியோர்கள் அப்பணியைச் சிறப்புறச் செய்துவிட்டார்கள். ஆகையால் நாம் கல்வியின் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகிறோம். கணினிக்கு நிரல் எழுதக் கற்கும் மாணவர் எவரும் முதற்சில மாதங்களிலேயே சந்திக்கும் வேலை அது. பல பொருள்கள் அடங்கிய ஒரு பட்டியலை, அப்பொருள்களிடையே பொதுவாக அமைந்த ஒரு பண்பைக் கொண்டு குழுக்களாகப் பகுப்பதே அவ்வேலை.

இஃது என்ன பெரிய வேலை என்று சிலர் எண்ணலாம். நிரலாகப் பார்த்தால் பத்து வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் எந்தப் பண்பைக் கொண்டு பகுப்பது, பகுக்கும்போது யார் விடுபட்டுப் போகிறார், பகுத்த பின் எதனை எதனோடு ஒப்பிடுவது என்ற வினாக்கள் பத்து வரிக்குள் அடங்குபவை அல்ல. பட்டியல் என்னும் சொல் நம் வாழ்வோடு ஒட்டிய சொல். எனவே இவ்வினாக்களை நாம் மற்றவர்களைக் காட்டிலும் ஊன்றிக் கவனிக்கக் கடமைப்பட்டவர்கள்.

பகுப்பு என்பது யாது?

ஒரு மாலைநேரப் பாடசாலையின் பதிவேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொரு வரியும் ஒரு மாணவரைக் குறிக்கிறது. பெயர், வசிக்கும் பகுதி, படிக்கும் வகுப்பு என்று மூன்று விவரங்கள் உள்ளன. கணினியின் மொழியில் ஒவ்வொரு வரியும் ஒரு பொருள். அவ்வரியிலுள்ள விவரங்கள் அப்பொருளின் பண்புகள்.

முத்து, ஏரிக்கரை, ஒன்பதாம் வகுப்பு. செல்வி, புதுக் காலனி, பத்தாம் வகுப்பு. குமார், ஏரிக்கரை, பத்தாம் வகுப்பு. மலர், கிழக்குத் தெரு, ஒன்பதாம் வகுப்பு. வேலு, புதுக் காலனி, ஒன்பதாம் வகுப்பு. ராணி, ஏரிக்கரை, பத்தாம் வகுப்பு. இவ்வாறு ஆறு பேர் இருப்பதாகக் கொள்வோம்.

இப்பட்டியலைப் பகுதிவாரியாகப் பகுத்தால் ஏரிக்கரையில் மூவர், புதுக் காலனியில் இருவர், கிழக்குத் தெருவில் ஒருவர் என மூன்று குழுக்கள் கிடைக்கின்றன. வகுப்புவாரியாகப் பகுத்தாலோ ஒன்பதாம் வகுப்பில் மூவர், பத்தாம் வகுப்பில் மூவர் என இரண்டே குழுக்கள். மாணவர் அதே அறுவர்தாம். முன்பு ஒரே குழுவில் இருந்த முத்துவும் ராணியும் இப்போது வெவ்வேறு குழுக்களில் இருக்கிறார்கள். முன்பு தனித்து நின்ற மலருக்கு இப்போது இரண்டு தோழர்கள் கிடைத்துவிட்டார்கள். இரவில் விளக்கில்லாத பாதையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குத் துணை ஏற்பாடு செய்ய வேண்டுமாயின் முதற்பகுப்பு உதவும். பொதுத்தேர்வுக்குச் சிறப்பு வகுப்பு நடத்த வேண்டுமாயின் இரண்டாம் பகுப்பு உதவும். கேள்வி முதலில் பிறக்கிறது. பகுப்பு அக்கேள்விக்கு விடை தேடும் வழியாக அமைகிறது. இவ்வரிசையை நினைவில் இருத்துதல் வேண்டும்.

கணினி செய்யும் முறை

அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் ஊழியரைப் பார்த்திருப்பீர்கள். அவர் எதிரே பல அறைகள் கொண்ட அலமாரி ஒன்று இருக்கும். கடிதத்தை எடுப்பார், முகவரியிலுள்ள ஊரைப் பார்ப்பார், அவ்வூருக்குரிய அறையில் இடுவார், அடுத்த கடிதத்தை எடுப்பார். கணினியின் முறையும் ஏறத்தாழ இதுவே. முதலில் வெறும் அலமாரி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலிலிருந்து ஒரு பதிவை எடுக்க வேண்டும். அதன் பண்பு என்ன என்று கேட்க வேண்டும். அப்பண்பின் பெயரால் ஓர் அறை ஏற்கெனவே இருக்கிறதா என்று நோக்க வேண்டும். இல்லையாயின் அப்பெயரில் புதிய அறை ஒன்றைத் திறக்க வேண்டும். பதிவை அதில் இட வேண்டும். பட்டியல் தீரும் வரை இதனையே தொடர வேண்டும். இவ்வளவுதான்.

இம்முறையின் சிக்கனத்தை ஒரு கணக்கால் விளக்குவோம். இருபது ஊர்களைச் சேர்ந்த 1,000 மாணவர்கள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு மாணவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிட்டு, ஒரே ஊரினரா என்று கேட்டுக்கொண்டே போனால் 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முறை முழுப் பட்டியலையும் புரட்டினால் 20,000 பார்வைகள் வேண்டும். மேற்சொன்ன அலமாரி முறையிலோ பட்டியலை ஒரே ஒரு முறை புரட்டினால் போதும்; 1,000 பார்வைகளில் வேலை முடிந்துவிடும்.

உரிய அறையைக் கணினி எவ்வாறு உடனே கண்டுகொள்கிறது என்று கேட்கலாம். அறைகளை ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. பெயரையே ஒரு கணக்குக்கு உட்படுத்தி அறையின் எண்ணைப் பெற்றுக்கொள்கிறது. எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டி, மொத்த அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியை அறை எண்ணாகக் கொள்வது இதன் மிக எளிய வடிவம். இக்கருத்தை 1953ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் எழுதி வைத்தார். 'ஹாஷ்' என்ற பெயரில் அது இன்று எல்லா மொழிகளிலும் வழங்குகிறது.

இன்று இம்முறையை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. தரவுத்தளங்களுக்கான எஸ்.க்யூ.எல். மொழியில் 'குரூப் பை' என்னும் கட்டளை உண்டு. ஜாவா மொழியில் 2014ஆம் ஆண்டு வந்த எட்டாம் பதிப்பிலும், ஜாவாஸ்கிரிப்ட்டில் 2024ஆம் ஆண்டுத் தரத்திலும் இதற்கென்றே கருவிகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஒரு முறையேனும் சொந்தக் கையால் எழுதிப் பார்த்தவர்க்கே கருவியின் குணம் விளங்கும் என்பது நம் கருத்து.

மக்களை எண்ணப் பிறந்த இயந்திரம்

இவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்த வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1880ஆம் ஆண்டு எடுத்த மக்கள் தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அடுத்த கணக்கெடுப்பே வந்துவிடும் போலிருந்தது. இந்நிலையில் ஹெர்மன் ஹோலரித் என்பவர் ஓர் இயந்திரத்தை அமைத்தார். ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. ஆண், பெண், வயது, பிறந்த இடம் முதலிய விவரங்கள் அட்டையில் துளைகளாக இடப்பட்டன. அட்டையை இயந்திரத்தில் வைத்து அழுத்தினால், துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே இறங்கி அடியிலுள்ள பாதரசத்தைத் தொடும், மின்சுற்று முழுமையாகும், அதற்குரிய எண்ணிமுகம் ஒரு படி நகரும். பக்கத்தில் உள்ள பிரிப்புப் பெட்டியில் உரிய அறையின் மூடி தானே திறந்துகொள்ளும். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் விவரங்கள் இவ்வாறே தொகுக்கப்பட்டன. ஹோலரித்தின் நிறுவனம் 1911இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளைக் காண்கிறோம். தரவைக் கையாளும் இயந்திரத் தொழிலின் முதற்பெரும் பணியே மனிதர்களைக் குழுவாக்கி எண்ணுவதாக இருந்தது என்பது ஒன்று. அட்டையில் துளையிடாத விவரத்தைப் பற்றி இயந்திரத்திடம் எக்காலத்தும் கேட்க முடியாது என்பது மற்றொன்று. எதற்குத் துளை இடுவது என்பதை இயந்திரம் முடிவு செய்யவில்லை. அலுவலகத்தில் அமர்ந்திருந்த மனிதர்கள் முடிவு செய்தார்கள்.

பண்பைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம்

எந்தப் பண்பால் பகுக்கிறோம் என்பதைப் பொறுத்தே உண்மை தோன்றுகிறது அல்லது மறைகிறது. இதற்கு நம் இயக்க வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. 1927ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பம்பாய்ச் சட்ட மேலவையில் கல்வி மானியம் பற்றிய விவாதத்தில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். அம்மாகாணக் கல்வித் துறையின் அறிக்கை மக்களை முன்னேறிய இந்துக்கள், முகம்மதியர், இடைநிலையினர், பிற்பட்டோர் என நான்கு குழுக்களாக வகுத்திருந்தது. அவ்வறிக்கையின் எண்களையே எடுத்து அண்ணல் அவைமுன் வைத்தார்.

தொடக்கக் கல்வியில் ஒவ்வொரு குழுவிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை மாணவர் என்று பார்த்தால், முன்னேறிய இந்துக்களில் 119, முகம்மதியரில் 92, இடைநிலையினரில் 38, பிற்பட்டோரில் 18. உயர்நிலைப் பள்ளிக்கு வந்தால் இடைவெளி இன்னும் பெருகுகிறது. இலட்சம் பேருக்கு முறையே 3,000, 500, 140, 14. மக்கள் தொகையில் இரண்டாம் இடத்தில் இருந்த பிற்பட்டோர் கல்வியில் கடைசி இடத்தில் இருந்தனர்.

அண்ணல் கையாண்ட முறையை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மாகாணத்தில் மொத்தம் இத்தனை மாணவர் படிக்கிறார்கள் என்ற ஒற்றை எண்ணோடு நின்றிருந்தால் கல்வி பரவுகிறது என்ற தோற்றமே எஞ்சியிருக்கும். குழுவாகப் பகுத்ததோடும் அவர் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு குழுவின் மாணவர் எண்ணிக்கையையும் அக்குழுவின் மக்கள் தொகையாலேயே வகுத்துக் காட்டினார். பகுத்தல் ஒரு படி, உரிய எண்ணால் வகுத்தல் அடுத்த படி. இரண்டும் சேர்ந்த பின்னரே நீதி கேட்கும் குரலுக்கு அசைக்க முடியாத ஆதாரம் கிடைத்தது. கணினியில்லாத காலத்தில் காகிதமும் எழுதுகோலும் கொண்டு செய்த வேலை அது.

ஒரு பண்பு போதாது

சில வேளைகளில் ஒரே பண்பால் பகுத்தாலும் உண்மை பாதி மறைந்தே இருக்கும். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. பட்டியல் சாதியினரைத் தனியே பகுத்தால் 73.26 விழுக்காடு. ஏறத்தாழ ஏழு விழுக்காடு இடைவெளி தெரிகிறது. இதே குழுவைப் பால் என்னும் இரண்டாம் பண்பால் மீண்டும் பகுத்துப் பாருங்கள். பட்டியல் சாதி ஆண்களின் எழுத்தறிவு 80.94 விழுக்காடு, பெண்களின் எழுத்தறிவு 65.64 விழுக்காடு.

நம் ஆண்களின் எண் மாநிலத்தின் மொத்தச் சராசரியை எட்டிவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நம் பெண்களுக்கோ அன்று எழுத்தறிவு கிட்டவில்லை. 73.26 என்ற ஒரே எண்ணுக்குள் நம் தாய்மாரும் தமக்கையரும் மறைந்திருந்தார்கள். பிறர் வகுத்த குழுவுக்குள் நாம் மறைக்கப்படுவதை எதிர்த்துப் பேசும் நாம், நம் குழுவுக்குள் பெண்கள் மறைந்துபோவதைக் கண்டும் காணாமல் இருக்கலாகாது.

நிரலில் இதைச் செய்வது கடினமன்று. ஓர் அறைக்குள் சிறு அறைகளை அமைக்கலாம்; அல்லது இரண்டு பண்புகளையும் சேர்த்து ஒரே பெயராக்கி அறையின் மேல் எழுதலாம். ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். சாதி, பால், ஊர், வகுப்பு, வருமானம் என்று பண்புகளை அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வோர் அறையிலும் ஒருவர் இருவரே எஞ்சுவர். அந்நிலையில் விழுக்காடு பேசுவது பொருளற்றது. மேலும், பெயரை நீக்கினாலும் அந்த ஒருவர் யார் என்று ஊரார் எளிதில் அறிந்துகொள்வர். அவரது வறுமையோ வருத்தமோ அம்பலமாகாமல் காப்பதும் கணக்கெடுப்போரின் கடமை.

கவனிக்க வேண்டிய இடறுகள்

நிரல் எழுதப்போகும் இளைஞர்களுக்கென்று சில நுணுக்கங்களைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, எழுத்து வேறுபாடு. ஓர் ஊரின் பெயரை ஒருவர் செங்கற்பட்டு என்றும், மற்றொருவர் செங்கல்பட்டு என்றும் எழுதியிருந்தால் கணினி இரண்டு அறைகளைத் திறந்துவிடும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்தாலும் புதிய அறைதான். தமிழுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. கோவில்பட்டி என்பதிலுள்ள 'கோ' என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இருவகையாகப் பதியலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் பதிவது ஒரு வகை. இரட்டைக் கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் பதிவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். இதனைச் சீர்செய்ய எல்லா முக்கிய மொழிகளிலும் கருவிகள் உள்ளன. ஆனால் ஔவையார் என்பதில் 'ஔ' என்னும் ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து வைத்தால் அக்கருவியும் உதவாது. தமிழறிந்த மனிதரே திருத்த வேண்டும். பகுப்பதற்கு முன் பட்டியலைத் தூய்மை செய்வது பாதி வேலை என்று கொள்க.

இரண்டாவது, வெற்றிடம். பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பகுதி என்ற இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது. அப்பிள்ளை எந்த அறைக்குப் போகும்? எஸ்.க்யூ.எல். மொழி இத்தகைய பிள்ளைகள் அனைவரையும் ஒரு தனிக் குழுவாக்கிக் காட்டும். ஜாவாவின் பகுப்புக் கருவி மேலே செல்ல மறுத்துப் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். பைத்தான் மொழியில் பெரிதும் பயன்படும் பாண்டாஸ் என்னும் நிரல் தொகுப்போ, நாம் வேறாகக் கட்டளையிடாதவரை, அப்பிள்ளைகளை ஓசையின்றி விட்டுவிடும். நூறு பேரைக் கொடுத்துத் தொண்ணூறு பேருக்கு விடை பெற்று, அதனையே நூறு பேருக்கான விடை என்று நம்பிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது.

விவரம் விடுபட்ட பிள்ளை யார் என்று சிந்தித்துப் பாருங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு ஊர் ஊராகச் செல்லும் பிள்ளையாக இருக்கலாம். சாதிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லாத பிள்ளையாக இருக்கலாம். யாருக்காக இத்தகைய சங்கங்கள் தோன்றினவோ அப்பிள்ளையின் வரியே பெரும்பாலும் நிரம்பாத வரியாக இருக்கும். ஆகவே பகுத்து முடித்தவுடன் எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டி, மூலப் பட்டியலின் எண்ணிக்கையோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்ப்பதை மாற்றமில்லாத வழக்கமாகக் கொள்ளுங்கள். ஒருவர் குறைந்தாலும் அவர் யார் என்று தேடுங்கள்.

மூன்றாவது, சராசரிகளின் சராசரி. ஓர் ஊரில் 10 பேர் தேர்வெழுதி 9 பேர் தேறினர், 90 விழுக்காடு. மற்றோர் ஊரில் 100 பேர் எழுதி 50 பேர் தேறினர், 50 விழுக்காடு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 70 விழுக்காடு என்று அறிவிப்பது தவறு. 110 பேரில் 59 பேரே தேறினர். அது 54 விழுக்காட்டுக்கும் குறைவு. சிறு குழுவின் வெற்றியைக் கொண்டு பெருங்குழுவின் தோல்வியை மூடிவிடும் இக்கணக்கை அறிக்கைகளில் காணும்போது இளைஞர்கள் எழுந்து வினவ வேண்டும்.

நான்காவது, அடுத்தடுத்து இருப்பவற்றை மட்டும் சேர்க்கும் கருவி. பைத்தானின் 'இட்டர்டூல்ஸ்' தொகுப்பிலுள்ள பகுப்புக் கருவி இவ்வகையைச் சேர்ந்தது. ஒரே பண்புடைய பதிவுகள் தொடர்ந்து வந்தால்தான் அவற்றை ஒரு குழுவாக்கும். நம் எடுத்துக்காட்டுப் பட்டியலை அப்படியே கொடுத்தால் ஏரிக்கரை மூன்று தனித்தனிக் குழுக்களாகச் சிதறிவிடும். முதலில் பகுதிவாரியாக வரிசைப்படுத்திய பின்னரே அதனிடம் ஒப்படைக்க வேண்டும்.

இருவகைப் பகுப்பு

அன்பர்களே, பகுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் சிலருக்கு உள்ளத்தில் ஒரு கசப்பு எழலாம். பகுப்பினால் நொந்தவர்கள் நாம். ஆகவே நிரலின் பகுப்புக்கும் சாதியின் பகுப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும்.

நிரலில் பட்டியல் மூலப்பொருள், குழு தற்காலிகமானது. விடை கிடைத்ததும் அலமாரியைக் கலைத்துவிடலாம். பட்டியலில் ஒரு வரியும் மாறியிராது. முத்து காலையில் ஏரிக்கரைக் குழுவிலும் மாலையில் ஒன்பதாம் வகுப்புக் குழுவிலும் இருப்பார். இரண்டும் முத்துவுக்கு இழிவுமில்லை, உயர்வுமில்லை. சாதி அமைப்பிலோ அறை முதலில் கட்டப்பட்டது. மனிதர் அதற்குள் பிறந்தார். வேறு எந்தப் பண்பால் அவரைப் பார்க்கவும் ஊர் மறுத்தது. அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அவற்றைக் கலைக்க எவருக்கும் உரிமையில்லை என்று விதிக்கப்பட்டது.

அந்த அறையை உடைப்பதற்கும் ஒரு பட்டியல் தேவைப்பட்டது என்பது வரலாறு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் யாவர் என்று அறியச் சில வினாக்களை அமைத்தார். கோயிலுக்குள் செல்ல இடம் உண்டா, பொதுக்கிணற்றில் நீர் எடுக்க முடிகிறதா என்பன போன்ற வினாக்கள் அவை. மொழியாலும் தொழிலாலும் வேறுபட்ட எத்தனையோ மக்கள், உரிமை மறுக்கப்பட்டவர்கள் என்ற ஒரே பொதுப் பண்பால் ஒரு குழுவாயினர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை ஒட்டி 1936இல் பட்டியல் சாதிகளின் ஆணை வந்தது. அரசியலமைப்பின்கீழ் 1950இல் புதிய ஆணை வந்தது. எந்த மறுப்பினால் தாழ்த்தினார்களோ அந்த மறுப்பையே பகுப்புப் பண்பாக வைத்து, அதற்கு ஈடு கேட்கும் உரிமை பிறந்தது. பட்டியல் என்னும் சொல்லுக்கு இப்படி ஒரு பொருளும் உண்டு.

அப்பட்டியலும் கல்லில் செதுக்கியதன்று. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் ஏழு சாதிப் பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. பட்டியலுக்குள் உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, ஒருவர் மாறுபட, தீர்ப்பளித்தது. இவை பற்றி நம்மிடையே பல கருத்துகள் இருக்கலாம். பேசுவோம், விவாதிப்போம். ஆனால் பகுப்பதா சேர்ப்பதா என்ற முடிவுக்கு முன், யார் எங்கே பின்தங்கியிருக்கிறார் என்ற கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். வரும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று நடுவண் அரசு 2025இல் அறிவித்தது. அவ்விவரங்களைப் பகுத்து ஆராயும் அறை எதுவாயினும் அதற்குள் நம் இளைஞர்களும் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

செய்ய வேண்டுவது

இளைஞர்களே! இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. விலையின்றிக் கிடைக்கும் பைத்தான் மொழியும், ஒரு பழைய கணினியும், பொறுமையும் போதும். நம் பகுதிகளில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோரின் இசைவுடன் எடுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவர்களைப் பகுதிவாரியாகப் பகுத்துப் பாருங்கள். பிறகு ஆண், பெண் எனப் பகுத்துப் பாருங்கள். வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைகளைத் தனியே குழுவாக்குங்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர், பெற்றவர், பெறாதவர் என்று மூன்று அறைகள் திறந்து பாருங்கள். மூன்றாம் அறையில் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலோடு உரிய அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பலருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லும் மனுவுக்கும், இன்ன பகுதியில் இத்தனை பேரில் இத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லும் மனுவுக்கும் உள்ள வலிமை வேறுபாட்டை நேரில் காண்பீர்கள்.

மூத்தோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கணினி முன் அமர்ந்து பட்டியல் பகுக்கும்போது இஃது ஏதோ விளையாட்டு என்று எண்ணி எழுப்பிவிடாதீர்கள். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்த அறிவு எந்த நிரலிலும் இல்லை. வாழ்ந்து பார்த்த உங்களிடம்தான் இருக்கிறது.

பிறர் வகுத்த அறைக்குள் எண்ணப்படும் பொருளாக நெடுங்காலம் இருந்தோம். இனி எண்ணுவோராகவும், எதனைக் கொண்டு எண்ணுவது என்று முடிவு செய்வோராகவும் நம் பிள்ளைகள் விளங்க வேண்டும். அதற்கு இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் துணை நிற்கட்டும் என்று வாழ்த்துகிறோம்.